சட்டத்தின் காவலரும் சதிகாரரும்

குற்றம் புரிந்தோரை நீதிமன்றத்தின் முன் நிறுத்துபவருக்குப் பகைவர் இருத்தல் இயல்பே. ஆயினும், ஆன்ம ஈடேற்றத்தை நாடி ஒன்றுகூடிய அடியார் கூட்டத்துட் சிலர் அத்தகைய அலுவலர் ஒருவரைக் கொல்லத் திட்டமிட்டனர் என்றால், கேட்போர் வியப்படைவர். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 1985 ஆம் ஆண்டில் இது நிகழ்ந்தது. இலக்காகக் குறிக்கப்பட்டவர் சார்ல்ஸ் டேர்னர் என்பவர்.

டேர்னர் வகித்த பதவி யாதென்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்கா சமஷ்டி ஆட்சி முறையைக் கொண்ட நாடு. மாநிலச் சட்டத்தை மீறுவோர்மீது மாநிலத்தின் வழக்குத் தொடுநர் வழக்குத் தொடுப்பர். குடிவரவு முதலாக மத்திய அரசுக்குரிய சட்டங்களை மீறுவோர்மீது வழக்கிடுபவர் சமஷ்டி வழக்குத் தொடுநர். ஜனாதிபதி அவரை நியமிக்க, செனட் சபை அதற்கு இசைவு தரும். ஜனாதிபதி ரேகனின் ஆட்சியில் ஒறிகனில் இப்பதவியை ஏற்ற டேர்னர், 1982 முதல் 1993 வரை அதனை வகித்தார்.

அவர் பதவியேற்பதற்கு முந்திய ஆண்டில், பாரதத்திலிருந்து அமெரிக்கா சென்ற ரஜ்னீஷின் அடியார்கள், ஒறிகனின் வறண்ட மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 64,000 ஏக்கர் பரப்புள்ள பண்ணையொன்றை வாங்கினர். அங்கே வீதிகளும் வீடுகளும் அணைக்கட்டும் எழுந்தன. ரஜ்னீஷ்புரம் என்னும் நகரமும் உருவாயிற்று. அவர்களுடைய உழைப்பை எவரும் குறைகூற முடியாது. ஆனால் நில உபயோகச் சட்டம் பற்றி அயலவரோடு பிணக்கு மூண்டது. அரசையும் மதத்தையும் வேறாக வைக்கும் அரசியலமைப்புக்கு இந்நகரம் முரணானதென மாநிலச் சட்டமா அதிபர் வழக்கிட்டார்.

டேர்னரின் கவனத்துக்கு வந்தது குடிவரவு விவகாரம். வெளிநாட்டு அடியார்கள் அமெரிக்காவில் நிலைத்திருக்கும்பொருட்டு அமெரிக்கக் குடிகளைப் பெயரளவில் மணம் புரிந்தனர் என்பதே குற்றச்சாட்டு. அது குருநாதரின் இருப்பையே அசைக்கக்கூடியதாக இருந்தது. எனவே, அவருடைய செயலாளரான ஷீலாவும் அவரைச் சூழ்ந்த சிலரும் டேர்னரைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்தனர். ஒறிகனுக்கு வெளியே துப்பாக்கிகள் வாங்கப்பட்டன. டேர்னரின் நடமாட்டம் வேவு பார்க்கப்பட்டது. எனினும் சதி நிறைவேறவில்லை.

இக்குழுவினர் வெறும் பேச்சோடு நிற்பவரல்லர். 1984 ஆம் ஆண்டில், மாவட்டத் தேர்தலில் ஊரவர் வாக்களிப்பதைத் தடுக்கும் நோக்கோடு, த டால்ஸ் என்னும் நகரின் பத்து உணவுச்சாலைகளில் சல்மொனெல்லா என்னும் கிருமியைக் கலந்திருந்தனர். 751 பேர் நோயுற்றனர். நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை. கையாண்டவர் யாரென்பது உடனே தெரியவில்லை. 1985 செப்டெம்பரில் ஷீலாவும் உடனாளிகளும் நாட்டைவிட்டு அகன்றனர். ரஜ்னீஷே அவர்கள்மீது பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அதன்பின் நடந்த விசாரணையில் கிருமி கலந்தமை, ஒட்டுக்கேட்டமை, கொலைச்சதி யாவும் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

ரஜ்னீஷ்மீது தொடுக்கப்பட்ட வழக்கோ குடிவரவு பற்றியது மட்டுமே. 35 குற்றச்சாட்டுகளுள் இரண்டின்மீது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே தண்டனைக்கு இணங்கும் ஏற்பாட்டின்படி 1985 நவம்பரில் வழக்கு முடிந்தது. பத்து ஆண்டு ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் 4 இலட்சம் டொலர் அபராதமும் பெற்று அவர் நாட்டை நீங்கினார். தண்டனை இலேசானது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நஞ்சூட்டலிலோ கொலைச்சதியிலோ அவர்மீது வழக்குத் தொடுக்கப்படவில்லை. நிறுவக்கூடியதையே நீதிமன்றத்திற் கூறுதல் வழக்குத் தொடுநரின் கடமையாகும். பண்ணையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரையும் சிலரது குற்றத்துக்காகச் சட்டம் தண்டிக்கவில்லை.

கொலைச்சதி வழக்கு மேலும் நெடுங்காலம் நீடித்தது. பிரித்தானியப் பெண்கள் இருவர் 1994 இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, மறு ஆண்டில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நஞ்சூட்டல் முதலிய குற்றங்களுக்காக ஏற்கெனவே சிறையிருந்து மீண்ட ஷீலா சுவிற்சர்லாந்தில் வாழ்ந்தார். அந்நாடு அவரை ஒப்படைக்க மறுத்தது. எனினும் 1999 இல் அந்நாட்டு நீதிமன்றமே, கொலைக்கு ஆயத்தம் செய்த குற்றத்துக்கு அவரைக் குற்றவாளியெனக் கண்டது. ஜேர்மனியில் வாழ்ந்த இன்னொரு பெண், சதி நடந்து இருபது ஆண்டுகள் கடந்தபின் அமெரிக்கா திரும்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பே விதிக்கப்பட்டது.

இத்தீர்ப்புகள் யாவும் டேர்னர் பதவியிலிருந்து நீங்கியபின் அளிக்கப்பட்டவை. சதிகாரர் செய்த தப்புக்கணக்கை இது தெளிவாகக் காட்டுகிறது. ஒருவரை அகற்றிவிட்டால் வழக்கும் மறைந்துவிடும் என அவர்கள் எண்ணினர். ஆனால் அலுவலர் வருவார், போவார். அவர் கையிலிருந்த ஏடு அடுத்தவர் கைக்கு மாறும். ஒருவருடைய நம்பிக்கையைச் சட்டம் விசாரிப்பதில்லை, செயலையே விசாரிக்கிறது. தம்மைக் காப்பவர்மீது துப்பாக்கி நீட்ட எண்ணியவருக்கும் வழக்கறிஞரையும் சாட்சியையும் ஜூரியையும் அளித்த பின்னரே அது தீர்ப்புக் கூறுகிறது.