ஆறு நாள் கணக்கு

தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு விதி உண்டு. மனைவிக்கு மாதவிலக்கு வந்தபின் பன்னிரண்டு நாள் கணவன் அவளைப் பிரிந்திருக்கக் கூடாது என்கிறது அது. பரத்தையிடம் போனவனுக்கும் இதுவே கட்டளை. அது கருத்தோன்றும் காலம் என்று உரைகாரர்கள் காரணமும் சொல்கிறார்கள். கருமுட்டையைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லாத காலத்தில், பட்டறிவை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது.

பாலூட்டிகளின் கருமுட்டையை ஃபான் பேயர் என்ற அறிஞர் நுண்ணோக்கியில் கண்டது 1827இல்தான். அந்த முட்டை எந்த நாளில் வெளிவருகிறது என்று தெளிவாக மேலும் நூறாண்டு ஆயிற்று. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னதாக என்று 1920களில் ஜப்பானின் ஒகினோவும் ஆஸ்திரியாவின் க்னாஸும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். அதற்கு முன்பு ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், மாதவிலக்கை ஒட்டிய நாட்களே கருத்தரிக்க ஏற்றவை என்று நம்பி, தம்பதிகளுக்கும் அப்படியே சொல்லியனுப்பினார்கள்.

இன்று நம் ஊரில் வாய்வழியாகச் சுற்றிவரும் கணக்கு ‘14ஆம் நாள்’. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வருகிறவருக்கு அது சரி. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு முட்டை வெளிவருவது 21ஆம் நாளை ஒட்டி. 26 நாளுக்கு ஒருமுறை என்றால் 12ஆம் நாளை ஒட்டி. சுழற்சியில் நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். முட்டை வெளிவந்தபின் உள்ள பாதி பெரும்பாலும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆகவே, அடுத்த மாதவிலக்கு வரக்கூடிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இது தெரியாமல் காலண்டரில் 14ஆம் நாளை வட்டமிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஏமாந்துபோகும் தம்பதிகள் எத்தனையோ பேர்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், குழந்தை வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 1995இல் வெளிவந்தது. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஆக ஆறு நாளில் நிகழ்ந்த உறவால் மட்டுமே கரு உண்டாகியிருந்தது. மறுநாளே வாய்ப்பு முடிந்துவிட்டது. காரணம் எளிது. பெண்ணின் உடலுக்குள் விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். வெளிவந்த முட்டைக்கு ஆயுள் அதிகம் போனால் ஒரு நாள். விந்தணுதான் முன்கூட்டியே போய்க் கருக்குழாயில் காத்திருக்க வேண்டும்.

அந்த நாட்கள் நெருங்குவதை உடலே காட்டும். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகி, விரலில் தொட்டால் இழுபடும். வழக்கமாகக் கெட்டியாக நின்று விந்தணுவைத் தடுக்கும் திரவம், அந்தச் சில நாட்கள் மட்டும் இளகி வழிவிடுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் முட்டை வெளியேற்றப் பரிசோதனைப் பட்டை, சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் திடீரென ஏறுவதைக் காட்டும். அது ஏறத் தொடங்கிய சுமார் ஒன்றரை நாளில் முட்டை வெளிவந்துவிடும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமில்லாதவர்கள் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், அந்த ஆறு நாள் தானாக அதில் அடங்கிவிடும். ‘சேர்த்து வைத்தால்தான் வலு’ என்று வாரக்கணக்கில் விலகியிருப்பது தவறு. நாட்பட்ட விந்தணுக்களின் ஓட்டம் மந்தமாகிவிடுகிறது. உறவுக்குப் பின் திரவம் வெளியே வழிவதைப் பார்த்துப் பயப்படும் பெண்கள் ஏராளம். அது எல்லோருக்கும் நடப்பது. வேண்டிய அணுக்கள் அதற்குள் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கும்.

உள்ளே நடக்கும் பயணம் மிகக் கடினமானது. பல கோடி விந்தணுக்கள் புறப்பட்டாலும் முட்டை இருக்கும் இடத்தை எட்டுபவை சில நூறு. அவற்றில் ஒன்று முட்டைக்குள் நுழைந்ததும் கருக்குழாயிலேயே கரு உருவாகிறது. அது பிளந்து பெருகியபடியே மூன்று, நான்கு நாள் நகர்ந்து கருப்பைக்கு வந்து, முட்டை வெளிவந்த நாளிலிருந்து ஆறு முதல் பத்து நாளில் உட்சுவரில் பதிகிறது. அதன் பிறகே வீட்டுப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோட்டைக் காட்டும் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். இத்தனை படிகளில் எங்கே தடங்கினாலும் அந்த மாதம் போயிற்று. குரோமோசோம் பிழையுள்ள கருக்கள் பலவற்றை, நாள் தள்ளிப்போகும் முன்பே, உடல் தானாகக் கழித்துவிடுகிறது.

அதனால்தான் இருபதுகளில் உள்ள, எந்தக் குறையும் இல்லாத தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 25 வரைதான். திருமணமாகி மூன்று மாதத்தில் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்கத் தொடங்கும் உறவினர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எத்தனையோ பெண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். நூறு தம்பதிகளில் சுமார் 85 பேருக்கு ஓராண்டுக்குள் கரு நிற்கிறது. மிஞ்சியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஆண்டில் தானாகவே நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மைக்கு ஓராண்டு என்று எல்லை வைத்திருப்பது இதனால்தான். தடுப்பு எதுவுமின்றி, ஒழுங்கான தாம்பத்தியத்தோடு 12 மாதம் கழிந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் அது குழந்தையின்மை. வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் உலகில் ஆறு பேரில் ஒருவர் இதைச் சந்திக்கிறார் என்று அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது.

‘ஒழுங்கான தாம்பத்தியத்தோடு’ என்ற நிபந்தனையை நம் குடும்பங்கள் கவனிப்பதே இல்லை. கணவர் துபாயிலோ குவைத்திலோ இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருகிறார். அந்த ஒரு மாதத்தில் முட்டை வெளிவருவது ஒரே தடவை. மூன்றாண்டு திருமண வாழ்வில் இந்தத் தம்பதிக்குக் கிடைத்த வாய்ப்பு மூன்று. ஊரோ ‘கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, இன்னும் ஒண்ணுமில்ல’ என்று மருமகளைப் பார்க்கிறது. நெடுந்தூர லாரி ஓட்டுநர்களின் வீட்டிலும், ஒருவர் பகல் ஷிப்டும் மற்றவர் இரவு ஷிப்டுமாக வேலை பார்க்கும் வீட்டிலும் இதே கதைதான். இப்படிப்பட்டவர்கள் லட்சங்களைச் செலவழித்துச் சிகிச்சையில் இறங்கும் முன், சில மாதங்களாவது ஒரே கூரையின் கீழ் இருந்து பார்க்க வேண்டும். விடுப்புத் தேதியை மனைவியின் சுழற்சியைப் பார்த்து முடிவு செய்யலாம். பழைய இலக்கணக்காரர் பிரிவைக் குறித்தே விதி செய்தது சும்மா இல்லை.

வயது இந்தக் கணக்கை மாற்றும். பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. புதிதாக எதுவும் உண்டாவதில்லை. பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாளில் வெளிவருபவை 400 முதல் 500 வரை. முப்பதுகளின் நடுவில் எண்ணிக்கையோடு தரமும் இறங்குகிறது. 40 வயதில் ஒரு மாதத்துக்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. எனவே 35ஐத் தாண்டிய பெண் ஆறு மாதம் பார்த்தால் போதும், 40ஐ நெருங்கியவர் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களும், காசநோய் வந்துபோனவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே.

இனி, யாரிடம் குறை என்ற கேள்வி. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். ஆனால் நம் வீடுகளில் விரதம் இருப்பவள் பெண், மண்சோறு சாப்பிடுகிறவள் பெண், வளைகாப்பு வீட்டில் பின்வரிசையில் உட்காரவைக்கப்படுகிறவளும் பெண். மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் ஸ்கேன் அறைக்குள் அனுப்பப்படுகிறவள் அவள்தான். இந்த வரிசை அறிவியலுக்கும் எதிரானது, நியாயத்துக்கும் எதிரானது.

தாம்பத்தியத்தில் எந்தச் சிக்கலும் இல்லாத ஆணின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நல்ல திடகாத்திரமான ஆளுக்கு எப்படிக் குறை இருக்கும் என்று கேட்கிறார்கள். உடற்கட்டுக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞருக்கு, அந்த ஊசியே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும். பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, விதைப்பை நரம்புச் சுருள் வீக்கம், பால்வினை நோய், புகையிலை, அளவுமீறிய மது என்று காரணங்கள் பல. ஒரு விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகிறது. இன்று சிகரெட்டை விட்டவருக்குப் பலன் தெரிய அவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்.

விந்துப் பரிசோதனையில் வலி கிடையாது, ஊசி கிடையாது. தனியார் ஆய்வகத்தில் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிகிறது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி தர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள் கீழ்வரம்பு. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை. முடிவு சரியில்லாவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும்.

பெண்களிடம் அதிகம் காணப்படுவது முட்டை ஒழுங்காக வெளிவராமை. இன்று பரவலாகப் பேசப்படும் நீர்க்கட்டி அதில் முதன்மை. அவை அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை, முழுதாக வளராமல் நின்றுவிட்ட முட்டைப்பைகள். உடல் எடை கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கோ, அதில் பாதியோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. அதற்கும் மசியாதவர்களுக்கு முட்டை வளர மாத்திரை உண்டு. தைராய்டு கோளாறும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மாத்திரையில் சரியாகக்கூடியது. கருக்குழாய் அடைப்பு அப்படியன்று. நம் நாட்டில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் அதற்கு முக்கியக் காரணம். இருமலோ காய்ச்சலோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அது மறைந்திருக்கும்.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன் பிறந்தது இந்தக் குழாய் அடைப்பைத் தாண்டித்தான். அவரது தாயின் முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் இவ்வாறு ஒரு குழந்தை பிறந்தது. அவரை நம்ப மறுத்தது அன்றைய அரசு. அவர் 1981இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கீகாரம் வெகுகாலம் கழித்தே வந்தது. இன்று இந்தச் சிகிச்சை தரும் ஐ.வி.எஃப். மையம் இல்லாத நகரம் அரிதாகிவிட்டது. ஆனால் இந்தச் சிகிச்சை கடைசிப் படிகளில் ஒன்று. மாத்திரை, தேவைப்பட்டால் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. ஆகியவற்றுக்குப் பிறகே பெரும்பாலோருக்கு அது தேவைப்படும். குழாய் இரண்டும் அடைத்தவர்களுக்கும் விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கும் நேரடியாக அதுவே வழி. முதல் சுற்றிலேயே பலிக்காமல் போவது சகஜம் என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். செயற்கைக் கருத்தரிப்பு குறித்த 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இயங்குகிறது.

திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் வாங்கிய நெய்யை ஒரு மண்டலம் சாப்பிடுகிற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அது மனதுக்குத் தைரியம் தருகிறது, மருத்துவரைப் பார்ப்பதையும் தடுப்பதில்லை. லாட்ஜில் அறையெடுத்து, நாடி பிடித்து, பெயர் தெரியாத லேகியத்துக்குப் பல்லாயிரம் வாங்கிப் போகிறவர்களை மன்னிக்க முடியாது. அவர்கள் பறிப்பது காசை மட்டுமில்லை. 36 வயதுப் பெண்ணுக்கு ஓராண்டு திரும்ப வராது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டுக் கணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் முதல் தடவை போகும்போதே மனைவியோடு நீங்களும் போங்கள். அவருக்கு எழுதித் தரும் பரிசோதனைகள் தொடங்கும் முன் உங்களுடையதை முடித்துவிடுங்கள். முடிவு எதுவானாலும் அதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.