நவாபின் தொலைநோக்கியும் காவலூர் வானமும்

ரமழான் பிறையும் ஷவ்வால் பிறையும் தேடி மாடிக்கு ஏறும் மாலைகளைத் தவிர, நம் வீட்டுப் பிள்ளைகள் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது எப்போது? சேலம், நாமக்கல் பக்கத்தில் இருக்கும் நாம் காலையில் கிளம்பினால், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக மதியத்துக்குள் காவலூர் போய்விடலாம். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்து இருக்கிறது அந்த வானாய்வகம். வாணியம்பாடியில் சம்பந்தம் செய்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. ஆனால் மலை ஏறிப் பார்த்தவர்கள் குறைவு.

காவலூரின் கதை ஹைதராபாத்தில் தொடங்குகிறது. நவாப் ஜஃபர் ஜங் என்ற பிரபு வெளிநாட்டிலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்து, 1901-ல் சொந்தச் செலவில் ஓர் ஆய்வகம் அமைத்தார். நிஜாமின் பெயரால் அது நிஜாமியா ஆனது. அவர் மறைவுக்குப் பின் 1908-ல் நிஜாம் அரசு அதை ஏற்றது.

அப்போது உலக ஆய்வகங்கள் வானத்தைப் பட்டை பட்டையாகப் பங்கிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. 1887-ல் பாரிஸில் முடிவான திட்டம் அது. சிலி நாட்டின் சாந்தியாகோ முடிக்காமல் விட்ட பகுதியை நிஜாமியா எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான விண்மீன்களின் இடத்தைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து அளந்தது.

ஏன் தகடு? நம் கண் ஒரு கணத்து ஒளியோடு நின்றுவிடும். தகடோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்; அதனால் கண்ணுக்கு எட்டாத மீனும் அதில் புள்ளியாக விழும். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தை மறுபடி எடுத்து ஒப்பிட்டால், எது நகர்ந்தது என்றும் தெரியும்.

நிஜாமியாவில் பணியாற்றிய ஒருவரின் மகன்தான் வைணு பாப்பு. 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த வானப் படத்தில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைமையேற்றவர், இருண்ட வானம் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்ததில் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை. அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். 1988-ல் அங்கு கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

பிறையையும் கேமரா விடவில்லை. 2013 ஜூலை 8 அன்று பிரான்சின் தியரி லெகோ, அமாவாசை நேரும் அதே கணத்தில், பட்டப்பகலில், அகச்சிவப்பு ஒளியில் பிறையைப் படம் பிடித்தார். வெறுங்கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இதன் மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் பிறை எப்போது, எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதையாவது பிள்ளைகள் அறிந்திருந்தால், பெருநாள் இரவில் வீட்டுக்குள் நடக்கும் சண்டை பாதி குறையும்.

காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். நேரம் மாறக்கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலம் வேண்டாம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவொளியே மங்கிய மீன்களை மறைத்துவிடும்.

அதுவரை, ஜனவரி இரவில் ராசிபுரத்துப் பக்கம் விளக்கில்லாத ஒரு காட்டோரம் போதும். செல்போனை ஆடாமல் நிறுத்தி, சில விநாடிகள் ஒளி வாங்கும்படி வைத்தால் கார்த்திகைக் கூட்டம் பதியும். அதன் பின்னால் செம்மையாக வருவது ரோகிணி. உலகம் அதை அல்தபரான் என்கிறது; பின்தொடர்வது என்று பொருள்படும் அரபுச் சொல் அது.