கம்பெனியின் பெயரும் விலாசமும்

மக்களாகிய நாம் ஊர்விட்டு ஊர் சென்றாலும், நம்மை அறிந்தார் முகங்கண்டு அடையாளம் சொல்வர். கம்பெனிக்கோ முகமில்லை. அது சட்டம் படைத்த ஓர் ஆள். தன் பெயரிற் சொத்து வாங்கும், கடன் கொள்ளும், வழக்காடும். எனினும் கண்ணுக்குப் புலனாகாது. பெயர், விலாசம், கையொப்பமிடுவார் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டே பாங்கு அதனை அறிகிறது. இவற்றுள் ஒன்று மாறின் செய்யத்தக்கது யாது என்பதை, நம் புதுவையையே சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் பெயரைக் காண்போம். 2006 அக்டோபர் 1 முதல், பாண்டிச்சேரி என்று ஆங்கிலத்தில் வழங்கிய ஊர்ப்பெயர் சட்டப்படி புதுச்சேரி ஆயிற்று. தமிழில் எழுதுவார்க்கு இது புதுமையன்று. ஆனால் ஊர்ப்பெயர் மாறியதால், அதனைத் தன் பெயரிற்கொண்ட கம்பெனியின் பெயரும் தானே மாறிவிடாது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, அளிக்கப்பட்ட வாக்குகளுள் முக்காற் பங்கேனும் ஆதரிக்கும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அரசின் இசைவு வேண்டும். பதிவாளர் புதிய சான்றிதழ் வழங்கிய பின்னரே பெயர்மாற்றம் நிறைவுறும். அதன்பின் இரண்டாண்டுகள் வரை பழம்பெயரையும் கடிதத் தலைப்பில் உடன் அச்சிடல் வேண்டும். ஆள் ஒன்றே ஆதலின், பழங்கடன் நீங்காது. வருமானவரி எண்ணும் மாறாது.

இனி விலாசம். பதிவு அலுவலகம் நகருக்குள்ளேயே இடம்பெயரின் டைரக்டர்களின் தீர்மானம் போதும். காரைக்காலுக்கோ, கேரளக் கரையிலுள்ள மாஹேக்கோ பெயரின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆயினும் யூனியன் பிரதேசம் அதுவே. முத்தியாலுப்பேட்டைக்கு அப்பாலுள்ள கோட்டக்குப்பமோ கூப்பிடு தொலைவே எனினும் தமிழ்நாட்டைச் சேர்ந்தது! அங்குச் செல்லும் கம்பெனி மத்திய அரசின் இசைவு பெற்று, தமிழ்நாட்டுப் பதிவாளரிடம் புதிய சான்றிதழ் பெறல் வேண்டும். 21 இடங்கொண்ட அதன் பதிவெண்ணில் மாநிலங்குறிக்கும் ஈரெழுத்தும் மாறும். இங்ஙனம் நம் ஊரில் அண்மை வேறு, எல்லை வேறு.

நிற்க. பதிவாளரிடம் தெரிவித்தமையால் பாங்கும் அறிந்துகொள்ளும் எனக் கருதுவார் பலர். அஃது அவ்வாறன்று. பாங்கில் முன்னர்க் கொடுத்த பத்திரங்களில் மாற்றம் நேரின், 30 நாட்களுக்குள் கம்பெனியே அறிவித்தல் வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. புதிய சான்றிதழ், டைரக்டர்களின் தீர்மான நகல், கையொப்பமிடுவாரின் அடையாளப் பத்திரங்கள், நடப்புத் தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை எழுத்து மூலம் அளித்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பமும் வாங்குதல் முறை.

இதனை வெறுஞ் சடங்கென்று தள்ளுதல் தகாது. ஈடுவைத்துப் பெற்ற கடன் வாராக்கடனாயின், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாங்கு 60 நாட் கெடுவுடன் அறிவிப்பு அனுப்பலாம். அது பழைய விலாசத்தின் பூட்டிய கதவடியிற் கிடக்க, நாட்களோ ஓடிக்கொண்டிருக்கும். விலகிய டைரக்டரின் கையொப்பத்தை நீக்குமாறு எழுதாவிடின், அவர் ஒப்பமிட்ட காசோலைக்குப் பாங்கு பணங் கொடுத்துவிடவுங் கூடும். அவர்தம் தொலைபேசிக்கே இரகசிய எண்ணுஞ் சென்றுகொண்டிருக்கும். இழப்பு முதலாளியோடு நில்லாது. மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் தொழிலாளர் இல்லங்களையும் சென்று தாக்கும்.

ஆதலின், கல்லூரி விட்டு அலுவலகம் புகும் நம்மனோர், பதிவாளர் ஏடும் பாங்கின் ஏடும் ஒத்திருக்கின்றனவா என ஆண்டுக்கொருமுறையேனும் நோக்குவாராக. ஒரு பக்கக் கடிதம் பெருவழக்கொன்றைத் தடுக்கவல்லது.