புதுமனையின் அடுக்களை: எதை முதலில் வாங்குவது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வீட்டைக் கட்டி முடித்தவருக்கு மூன்றாவதாக ஒரு சோதனையும் உண்டு என்பதை அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அது இல்லை. தளம் போட்டு, பால் காய்ச்சிக் குடிபுகுந்த மறுவாரமே அடுக்களைக்குச் சாதனங்கள் வாங்கும் வேலை வந்து நிற்கிறது. கையிலிருந்த பணமெல்லாம் கல்லாகவும் மண்ணாகவும் மாறிவிட்ட வேளை அது. அவ்வேளையில் செய்யும் பிழை தவணையாகவும் மின்கட்டணமாகவும் பல ஆண்டுகள் நம்மைத் தொடரும். ஆகையால் இத்திங்கள் நமது அங்கத்தினர்களுடன் இது குறித்துச் சிறிது பேச விழைகிறோம்.

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்பேச்சுக்குத் தனிக் காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அடித்த கஜா புயலில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் சிதைந்தன. அதன்பின் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தளவீடு எழுப்பியவர் பலர். 2024-இல் அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ரூ. 3.5 இலட்சம் உதவி பெற்று 360 சதுர அடியில் வீடு கட்டியவரும் உண்டு. இத்தகைய சிறு வீட்டில், அதுவும் ஒரு தறி கிடக்கும் வீட்டில், அடுக்களைக்குக் கிடைக்கும் இடமும் குறைவு, பணமும் குறைவு. எதை வாங்குவது என்பதைவிட எதை முதலில் வாங்குவது என்பதே இங்குக் கேள்வி.

ஒரு வீட்டில் கண்டது

அண்மையில் ஆலங்குடி வட்டத்தில் நமது அங்கத்தினர் ஒருவரின் புதுமனைக்குச் சென்றிருந்தோம். புயலில் தென்னந்தோப்பை இழந்து, ஆறு ஆண்டு பாடுபட்டுக் கட்டிய வீடு. கூடத்தில் ஆளுயரக் குளிர்ப்பெட்டி ஒன்று நின்றது. அடுக்களை மேடையில் மின்காந்த அடுப்பு இருந்தது. ஆனால் அது எரியவில்லை. சுவரிலிருந்த பிளக் உருகிக் கறுத்துப்போயிருந்தது. இரண்டையும் நகரத்துக் கடையொன்றில் தவணைக்கு எடுத்திருந்தார்கள்.

"கடைக்காரர் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஐயா, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை" என்றார் அந்த அம்மையார். அவருடைய மாமியார் கொல்லைப்புறத்தில் அம்மியின் அருகே அமர்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். "புயல் அடித்தபோது ஊரே இருட்டாய்க் கிடந்தது, தம்பி. அப்போது சோறு போட்டது இந்தக் கல்தான்" என்றார் அந்த அப்பத்தா. அவர் கூறியது உண்மையே. அந்நாட்களில் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை நாமும் கண்டோம்.

அந்த வீட்டில் நேர்ந்த பிழை யாது? பொருள் கெட்டதன்று, வாங்கிய வரிசை கெட்டது. சரியான வரிசையைக் கீழே கூறுகிறோம்.

முதற்செலவு: சுவருக்குள்

அடுக்களையின் முதற்சாதனம் கண்ணுக்குத் தெரியாதது. அது சுவருக்குள் ஓடும் மின்கம்பி. வழக்கமாக வைக்கும் சிறு பிளக் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1,380 வாட். மின்காந்த அடுப்போ முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். அதாவது 9 ஆம்பியர் அளவு. சிறு பிளக்கில் அதை மாட்டினால் சூடேறி உருகாமல் வேறென்ன செய்யும்? ஆகவே பூச்சு வேலைக்கு முன்னரே அடுக்களையில் 16 ஆம்பியர் பிளக் இரண்டேனும், அதற்கேற்ற கனமான கம்பியுடன் வைக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த் இணைப்பு இன்றியமையாதது. மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் காப்புச் சுவிட்சு ஒன்றும் பலகையில் இருத்தல் வேண்டும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் நம் பெண்மக்களுக்கு அது உயிர்க்காப்பு.

மேடையின் உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்யலாகாது. அங்கு நின்று சமைப்பவர் முடிவு செய்ய வேண்டும். முழங்கைக்கு ஒரு சாண் தாழ்வாக அடுப்பின் மேற்பகுதி இருந்தால் தோள் நோவாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும். எனவே சன்னல் மட்டும் போதாது. தரையை ஒட்டியும் ஒரு காற்றுத் துளை வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து தரைமீது நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது: அடுப்பு

வாயு அடுப்பு வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையை முதலில் பாருங்கள். இந்தியத் தர விதிப்படி அவ்வடுப்பு எரியும் வாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்கேனும் பாத்திரத்திற்குச் சேர்க்க வேண்டும். மேலே பதித்த கண்ணாடியின் பளபளப்பு இந்தக் கணக்கில் சேராது. நமது வீடுகளுக்கு இரண்டு பர்னர் போதும். நான்கு பர்னர் சிறு மேடையை அடைத்துக்கொள்ளும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். சிலிண்டர் வரும்போது அதன் கழுத்துப் பட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை, பி, சி, டி என்பவை அடுத்தடுத்த மும்மாதங்கள். அருகிலுள்ள எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலக்கெடு கடந்திருந்தால் சிலிண்டரை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மின்னடுப்பு இலாபமா, வாயு இலாபமா என்று பலர் கேட்கின்றனர். இதற்கு ஓர் எளிய கணக்குண்டு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று அடுப்பில் தரும் பயனுள்ள வெப்பத்தை மின்காந்த அடுப்பில் பெற ஏறத்தாழ 145 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆகவே உங்கள் சிலிண்டர் விலையை 145-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்குச் சிலிண்டர் ரூ. 870 எனில் விடை ரூ. 6. மின்கட்டணச் சீட்டில் நீங்கள் கொடுக்கும் கடைசிப் படியின் யூனிட் விலை அதற்குக் குறைவாயின் மின்னடுப்பு இலாபம். மிகுதியாயின் வாயுவே இலாபம். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும் என்பதை மறத்தலாகாது. கைத்தறி நெசவாளர்க்கு விலையின்றித் தரும் மின்சாரத்தை 2023 மார்ச்சில் அரசு இரு மாதத்திற்கு 300 யூனிட்டாக உயர்த்தியது. அது தறியை எண்ணித் தந்த சலுகை. அதை நம்பி அடுக்களைக் கணக்கை எழுதுவது அறிவுடைமையாகாது.

பிரஷர் குக்கர் எரிபொருளை மிச்சப்படுத்தும் முதல்தரச் சாதனம். அதனுள் நீர் ஏறத்தாழ 120 பாகை வெப்பத்தில் கொதிப்பதால் பருப்பு விரைவில் வேகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பருப்பாயின் பாதிக்கு மேலும் நிரப்பாதீர்கள். பாதுகாப்பு வால்வு போய்விட்டால் அதே நிறுவனத்தின் வால்வையே போடுங்கள். ஆணியையும் ஈயத்தையும் வைத்து அடைப்பது வெடிகுண்டு செய்வதற்கு ஒப்பாகும்.

விறகடுப்பை அடியோடு கைவிடச் சொல்லமாட்டோம். வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் அதன் இடம் வீட்டுக்கு வெளியே, புகைபோக்கியுடன். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நெசவாளர்க்கு இன்னொரு நட்டமும் உண்டு: வீட்டுக்குள் எழும் கரி, தறியில் கிடக்கும் வெள்ளைப் பாவில்தான் முதலில் படியும்.

மூன்றாவது: அரைவை

மின்சார ஆட்டுக்கல் தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பு. கோயம்புத்தூரில் 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி அதை உருவாக்கினார். பின்னர் கோவை கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. மிக்ஸியின் கதையும் சுவையானது. அந்நிய நாட்டு மிக்ஸி நம் வீட்டு அரைவைக்குத் தாங்காமல் பழுதுபடவே, எஸ். பி. மாத்தூர் என்ற பொறியாளர் நம் சமையலுக்கென்றே சுமீத் மிக்ஸியைச் செய்தார். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் எளிய குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தன. அவை இன்றும் ஓடுமாயின், புதுமனைக்குப் புதியதுதான் வேண்டும் என்று எண்ணாதீர்கள். புஷும் பெல்ட்டும் மாற்றுவதற்குச் சில நூறு ரூபாயே ஆகும்.

புதிதாக வாங்குவோர் வாட் எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 150 வாட் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கே செலவாகும். 2,000 வாட் அடுப்பு அரைமணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆக, மின்கட்டணத்தை ஏற்றுவது அரைவையன்று, வெப்பமே. இட்லிமாவுக்குக் கிரைண்டரே ஏற்றது. கல் மெல்லச் சுழல்வதால் மாவு சூடேறாமல் பொங்கி வரும். சட்டினிக்கும் பொடிக்கும் மிக்ஸி. ஐந்து நிமிடம் ஓட்டினால் சிறிது ஓய்வு கொடுங்கள். நின்றுபோனால் கீழேயுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மோட்டார் கருகிவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். கிரைண்டரைத் தூக்கிக் கழுவப்போவது யாரோ, அவரே கடையில் தூக்கிப் பார்த்துத் தெரிந்தெடுக்கட்டும்.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லையில் ஓர் ஓரத்தில் போட்டுவையுங்கள். கல் தவணை கேட்பதில்லை.

கடைசியில்: குளிர்ப்பெட்டி

குளிர்ப்பெட்டி நாள் முழுதும் மின்சாரம் உண்ணும் பொருள். ஆதலால் அதன் விலையைப் போலவே அதன் நட்சத்திரச் சீட்டும் முக்கியம். சீட்டில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும், அச்சீட்டு எந்த ஆண்டுக்குரியது என்பதையும் படியுங்கள். அளவுமுறை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் புதிய நான்குக்குச் சமமாகலாம். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒற்றைக் கதவுப் பெட்டி போதுமானது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் சிற்றூர்களில் ஸ்டெபிலைசர் தேவையா என்று விசாரித்து வாங்குங்கள். கறவை மாடு வைத்திருப்போர், பூக்கட்டி விற்போர் ஆகியோர்க்கு அது பிழைப்புக்கு உதவும். மற்றவர்க்கு ஓராண்டு பொறுத்தாலும் நட்டமில்லை.

தவணை என்னும் வலை

"வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கண்டு மயங்கலாகாது. வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லையென்று 2013-ஆம் ஆண்டிலேயே பாரத ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. கணக்கைப் பாருங்கள். ரூ. 18,000 விலையுள்ள பெட்டிக்கு ரொக்கமாயின் ரூ. 1,000 தள்ளுபடி. தவணையாயின் தள்ளுபடி இல்லை, எழுத்துக்கூலி ரூ. 400 வேறு. பன்னிரண்டு மாதம் ரூ. 1,500 வீதம் கட்டும்போது அந்த ரூ. 1,400-தான் வட்டி. மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால் அது ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட வட்டியாகும். பெயரை மாற்றினால் வட்டி வட்டியாகாமற் போகுமா?

வாங்கும்போது ரசீதும், தேதியிட்டு முத்திரை வைத்த உத்தரவாதச் சீட்டும் பெறுங்கள். பழுது பார்க்கும் இடம் அருகில் உண்டா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே கேளுங்கள். முறையீடு இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றுகூடி வாங்குவோம்

நாம் கண்ட அந்த வீட்டில் இப்பொழுது 16 ஆம்பியர் இணைப்பு போட்டாகிவிட்டது. செலவு பூச்சுக்கு முன் ஆகியிருக்கக்கூடியதைப் போல் இருமடங்கு. புதுச் சுவரில் ஒரு நீண்ட தழும்பும் மிச்சம். தவணை இன்னும் ஏழு மாதம் உள்ளது. தம் பெயரைச் சொல்லாமல் இதை எழுதுமாறு அவர்களே கேட்டுக்கொண்டனர். "அடுத்து வீடு கட்டுகிறவர்களுக்காவது உதவட்டும், ஐயா" என்பதே அந்த அம்மையாரின் சொல்.

நமது சங்கங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஓர் ஊரில் பத்து அங்கத்தினர் ஒரே ஆண்டில் வீடு கட்டுகிறார்களாயின், பத்துப் பேரும் பத்துக் கடை ஏறவேண்டுவதில்லை. தேவையை ஒரு தாளில் எழுதி, மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, ஒன்றாக ரொக்கம் கொடுத்து வாங்கினால் விலையும் குறையும். கடைக்காரரும் வீடு தேடி வந்து பழுது பார்ப்பார். நூலையும் உரத்தையும் ஒன்றாக வாங்கப் பழகிய நமக்குக் குக்கரையும் கிரைண்டரையும் ஒன்றாக வாங்குவது அரிதன்று. வரும் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம். அக்கூட்டத்திற்கு அடுக்களையில் நிற்பவர்களையும் அழைத்து வாருங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.