குடையின் கதை எழுதினோம், நம்ம கதை?
(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



ஸ்கூல் தமிழ்ப் பரீட்சையில 'தன் வரலாறு கூறுதல்'னு ஒரு கட்டுரை வருமே, ஞாபகம் இருக்கா? 'நான் ஒரு குடை பேசுகிறேன்', 'நான் ஒரு ஆலமரம் பேசுகிறேன்'. நானும் எழுதியிருக்கேன். குடையோட வாழ்க்கையை ரெண்டு பக்கத்துக்கு எழுதின என்னை, என் வாழ்க்கையைப் பத்தி ரெண்டு வரி எழுதச் சொல்லி யாரும் கேட்டதே இல்ல.

இப்போ சனிக்கிழமைகள்ல, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கிற பசங்களுக்கு நினைவுக்குறிப்பு எழுதக் கத்துக்கொடுக்கிறேன். அதை எப்படிச் செய்யறது, எங்க தப்பு நடக்கும்னுதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

வாழ்க்கை முழுக்க வேண்டாம், ஒரு துண்டு போதும்

சுயசரிதைன்னா பிறந்ததுல இருந்து வரிசையா வரும். நினைவுக்குறிப்புக்கு ஒரு சாயங்காலமே போதும். 'உன் வாழ்க்கையைப் பத்தி எழுது'ன்னு சொன்னா, 12 வயசுப் பிள்ளை பேர், ஊர், ஸ்கூல், பிடிச்ச சாப்பாடுன்னு நாலு வரியில முடிச்சிடும். அதனால முதல்ல வாசிக்கணும்.

நான் ரெண்டு காட்சிகளைச் சொல்வேன். முதலாவது, உ.வே.சாமிநாதையரோட 'என் சரித்திரம்'. 1940ல ஆனந்த விகடன்ல தொடரா வர ஆரம்பிச்சது. 1942ல அவர் இறந்ததால முடியாமலே நின்னுபோச்சு. அதுல 1880ல கும்பகோணத்துல நடந்த ஒரு சந்திப்பு வருது. முன்சீபா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் 'என்ன படிச்சிருக்கீங்க'ன்னு கேட்கிறார். இவர் நீளமா நூல்களோட பட்டியலை அடுக்குறார். அவர் அசரவே இல்ல. சீவக சிந்தாமணி, மணிமேகலை மாதிரி பழைய நூல்களைப் படிச்சிருக்கீங்களான்னு கேட்கிறார். இல்ல. அங்க இருந்துதான் சாமிநாதையரோட பாதையே திரும்புது. 1887ல சிந்தாமணியைப் பதிப்பிச்சார்.

பசங்ககிட்ட நான் கேட்கிறது இதுதான்: "இவ்வளவு பெரிய ஆள், தனக்குத் தெரியாம முழிச்ச ஒரு நாளை ஏன் 60 வருஷம் கழிச்சு எழுதினார்?" ஜெயிச்ச நாளைத்தான் எழுதணும்னு நினைச்சிட்டிருந்த பசங்க முகம் அப்போ மாறும்.

அப்போ தெரிஞ்சது, இப்போ புரிஞ்சது

ரெண்டாவது, பாமாவோட 'கருக்கு', 1992ல வந்தது. இதுல ஒரு பகுதியை 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துல உங்கள்ல சிலர் படிச்சிருப்பீங்க. மூணாவது படிக்கிற பொண்ணு தெருவுல வேடிக்கை பார்த்துட்டே வருது. ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை, கை படாம, கயித்தை மட்டும் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறார். அவளுக்குச் சிரிப்பு வருது. வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட சொல்றா. அண்ணன் சிரிக்கல. அவர் தொட்டா தீட்டுன்னு மேல்சாதிக்காரங்க நினைக்கிறதாலதான் அப்படிப் பிடிச்சிருந்தார்னு சொல்றார். அதுக்கப்புறம் அவளால சிரிக்க முடியல.

நினைவுக்குறிப்போட இதயமே இதுதான். அப்போ என்ன பார்த்தேன்? இப்போ என்ன புரியுது? இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் கதை. 'அப்போ நான் சின்னப் பிள்ளை'ன்னு சொல்ல ஆரம்பிக்கிற வயசு 11, 12. அதனாலதான் நடுநிலைப் பள்ளி இதுக்குச் சரியான இடம்.

எழுத வைக்கிறது எப்படி?

முதல் வகுப்புல பேனாவுக்கு முன்னாடி பென்சில். வீட்டையோ தெருவையோ வரைபடமா வரையச் சொல்லுங்க. ஏதாவது நடந்த அஞ்சு இடத்துல புள்ளி வைக்கணும். மாடிப்படி, தண்ணி லாரி நிக்கிற முனை, பாட்டி கட்டில். அதுல ஒண்ணை மட்டும் எடுத்துப் பத்து நிமிஷம் எழுதணும். எழுதறப்போ எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில சுழிக்காதீங்க. பாட்டி எப்படிப் பேசினாங்களோ அப்படியே எழுதட்டும். பேச்சுத் தமிழை எழுதினா தப்புன்னு பயந்தா, பாட்டி செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவாங்க.

ஞாபகம் இல்லாததைக் கற்பனை பண்ணி நிரப்ப வேண்டாம். 'அன்னைக்கு மழையா வெயிலான்னு ஞாபகம் இல்ல'ன்னு எழுதலாம். இல்ல, அம்மாகிட்ட கேட்கலாம். அம்மா வேற மாதிரி சொன்னா இன்னும் நல்லது, ரெண்டையும் எழுதலாம்.

நான் பண்ணின தப்பு

முதல் வருஷம் ஒரு பையன் அப்பா வீட்டுக்கு லேட்டா வர்ற ராத்திரியைப் பத்தி எழுதினான். கேட் சத்தத்தை வச்சே அப்பா எந்த நிலைமையில வர்றார்னு கண்டுபிடிச்சிடுவானாம். அவ்வளவு நல்ல எழுத்து. சந்தோஷத்துல, அவனைக் கேட்காமலே வகுப்புல சத்தமா வாசிச்சிட்டேன். யாரும் சிரிக்கல. ஆனா அவன் தலை நிமிரல. அடுத்த மூணு வாரம் கிரிக்கெட்டைப் பத்தி மட்டுமே எழுதினான்.

அவனோட வீட்டை நான் பொதுவுல திறந்துட்டேன். அதுக்கப்புறம் வந்ததுதான் மடிப்பு விதி. பக்கத்தோட மூலையை மடிச்சிருந்தா, அதை நான் மட்டும் படிப்பேன். ரெண்டு மூலையும் மடிச்சிருந்தா நானும் படிக்க மாட்டேன், எழுதினாங்களான்னு மட்டும் பார்ப்பேன். மார்க் கிடையாது.

ஒண்ணு மட்டும் முதல் நாளே சொல்லிடுவேன்: "உனக்கு யாராவது தீங்கு பண்றாங்கன்னு நான் படிச்சா, அதை ரகசியமா வச்சுக்க மாட்டேன், உதவி கேட்பேன்." காப்பாத்த முடியாத சத்தியத்தைக் குழந்தைக்குப் பண்ணக்கூடாது. குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098, 24 மணி நேரமும் பேசலாம். எங்க வகுப்புச் சுவத்துல ஒட்டியிருக்கு.

அந்தப் பையன்? வருஷக் கடைசியில ஒரு பக்கம் கொடுத்தான். அது எதைப் பத்தின்னு சொல்ல மாட்டேன், ஒரு மூலை மடிச்சிருந்தது.

உங்க வீட்டுல ஏழாவது படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா, இந்த வாரம் வீட்டு வரைபடம் போடச் சொல்லுங்க. கூட உட்கார்ந்து நீங்களும் ஒண்ணு போடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.