கனமும் கட்டுக்கோப்பும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உடற்கூட்டை வெல்டிங் செய்து பலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடனே, கனத்த தகடுகளாகப் பார்த்து எவ்வளவுக்கெவ்வளவு கூடுதலாகப் பற்றவைக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று எண்ணுவது சகஜம். இரும்பு சேர்ந்தால் பலம் சேரும் என்னும் அந்த அபிப்பிராயம் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ளப் போர்ஷே 914 என்னும் ஜெர்மானியக் கார் நல்ல உதாரணமாக அமைகிறது.

வோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ரிஹ் நோர்ட்ஹோஃபும் ஃபெர்ரி போர்ஷேயும் வாய்வார்த்தையாகப் பேசி முடித்த கூட்டு முயற்சியில் கருக்கொண்ட அந்தக் கார், 1968இல் நோர்ட்ஹோஃப் காலமாகி, அவருடைய ஸ்தானத்துக்கு வந்த குர்ட் லோட்ஸ் அந்த வாய்வார்த்தைக்குக் கட்டுப்பட மனமில்லாதிருந்த போதிலும், 1969 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வெளிவந்தே தீர்ந்தது. நான்கு சிலிண்டர் வண்டிகள் ஆஸ்னபுரூக் நகரத்துக் கார்மன் தொழிற்சாலையில் முழுமை பெற்றன. ஆறு சிலிண்டர் கொண்ட 914/6 வகையின் உடற்கூடுகள் மட்டும் அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குச் சென்று போர்ஷே ஆலையில் உருப்பெற்றன. 1976இல் உற்பத்தி நின்றபோது ஏறக்குறைய 1,18,000 வண்டிகள் வெளிவந்திருந்தன.

இந்த வண்டிக்குத் தனியான சேசிஸ் கிடையாது. தகடுகளை மடித்து இணைத்த உடற்கூடே எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின் அமர்ந்திருக்க, தலைக்கு மேலிருக்கும் ஃபைபர் கூரையோ கழற்றிவைக்கத் தக்கதாக இருப்பதால், மூடிய காரில் கூரை ஏற்கும் பங்கையும் கீழ்ப்பாகமே ஏற்க வேண்டியிருக்கிறது. அவ்விதம் ஏற்பவற்றுள் பிரதானமானவை, கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்தின் பக்கமிருந்து பின்சக்கரத்தின் பக்கம் வரை ஓடும் இரண்டு பெட்டித் தூலங்கள். அவற்றின் தகடு கனமானதன்று. நாற்புறமும் மூடிய வடிவமே அவற்றுக்குப் பலம். முழு மூங்கிலை முறுக்க முயன்று தோற்கிறவன், அதே மூங்கில் நெடுக ஒரு கீறல் விழுந்துவிட்டால் எளிதில் முறுக்கிவிடுகிறான். மூங்கிலில் குறைந்தது அதிகமில்லை, ஆயினும் முறுக்கு விசை சுற்றிவர வேண்டிய பாதை அறுந்துபோயிற்று. துருப்பிடித்துத் தையல் விட்ட தூலத்தின் கதியும் அதுவே.

அந்தத் துருவுக்கு வழிசெய்தது பாட்டரி வைத்த இடம். எஞ்சின் அறையின் வலப்பக்கத்தில், மூடியின் கம்பிவலை வழியே மழைநீர் இறங்கும் இடத்துக்கு அருகிலேயே பாட்டரி வைக்கப்பட்டிருந்தபடியால், கசிந்த அமிலமும் மழைநீரும் கலந்து தாங்குதட்டை அரித்து, அதன் கீழே பின்சக்கரத்தின் கை பொருந்தும் இடத்தையும் வலப்பக்கத் தூலத்தையும் பதம் பார்க்கின்றன. ரசிகர்கள் நரகக்குழி என்று பெயரிட்டிருக்கும் அந்த மூலையில் சேதம் முற்றிவிட்டால், வண்டி நடுவில் தொய்ந்து, கதவின் மேற்புறத்து இடைவெளி குறுகிக் கதவு உராய ஆரம்பிக்கிறது.

இந்நிலையில் செய்யத்தகாத முதற்காரியம், தொய்ந்த வண்டியின் மீதே தகடு பொருத்திப் பற்றவைப்பது. ஏனெனில் அந்தக் கோணல் அப்படியே நிரந்தரமாகிவிடும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களைத் தாங்கி வண்டியைச் சமமாக நிறுத்தி, கதவு வாயில்களில் குறுக்குத் தாங்கிகளைப் பொருத்தி, இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்ட பிறகே, அதுவும் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே, வெட்டத் தொடங்குவது முறை. பெட்ரோல் டாங்கு முன்னால் இருப்பதால் எரிபொருள் குழாய்கள் இருக்கைகளுக்கு நடுவேயுள்ள சுரங்கத்தின் வழியாகப் பின்னால் செல்கின்றன. வயதாகி மொரமொரத்துப்போன அந்தப் பிளாஸ்டிக் குழாய்களை அகற்றாமல் அங்கே தீப்பொறி பறக்கவிடுவது ஆபத்தை அழைப்பதாகும்.

துரு முழுவதையும் நீக்கி நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிய பின், ஆலையில் ஸ்பாட் வெல்டிங்கால் இணைந்திருந்த விளிம்புகளை, புதுத் தகட்டில் வரிசையாகத் துளையிட்டு அத்துளைகளை மிக் வெல்டிங்கால் நிரப்பி இணைக்கிறார்கள். நீண்ட தையல் போட நேரும்போது ஒரே மூச்சில் இழுத்துவிடாமல், அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சிறு பற்றுகள் வைத்து, இடையிடையே ஆறவிட்டு நிரப்புவதே தேர்ந்த கை. சூட்டினால் மெல்லிய தகடு நெளிந்துவிட்டால் எடுத்த அளவுகளெல்லாம் வியர்த்தமாகிவிடும். கடைசியாகத் தூலத்தின் உட்புறத்தில் மெழுகு தெளிக்காமல் விட்டவர் அடுத்த துருவுக்கு இடம் ஒதுக்கியவராவார்.

இனி, பழுதில்லாத கூட்டையும் மேலும் பலப்படுத்துவோர் உண்டு. பந்தயத்துக்கென்று அமைந்த 914/6 ஜிடி வண்டிகளில் போர்ஷே நிறுவனமே பின்சக்கரத்தின் கைகள் பொருந்தும் பகுதி முதலான இடங்களில் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்தது. அதே வண்டிகளில் பம்பர்களையும் மூடிகளையும் ஃபைபரால் செய்து கனத்தைக் குறைத்தது. 1970 லெமான்ஸ் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் குளோட் பாலோ லேனாவும் கீ ஷாசேயும் ஓட்டிய அத்தகைய வண்டி, தன்னிலும் மிகுந்த சக்தி படைத்தவற்றுக்கிடையே ஆறாவதாக முடித்து, ஜிடி பிரிவில் முதலிடமும் பெற்றது. தேவையற்ற இடத்தில் கனத்தைக் கழித்து, விசை கூடும் இடத்தில் மட்டும் இரும்பைச் சேர்த்த விவேகத்துக்கு அது தக்க சாட்சி.

மாறாக, கனத்த தகட்டை மெல்லிய தூலத்தின் மீது சதுரமாக வெட்டி ஒட்டுகிறவர், தகடு திடீரென்று முடியும் விளிம்பில் விசையெல்லாம் குவிந்து புதிய விரிசல் காணும்படி செய்துவிடுகிறார். தகட்டின் முனையைப் படிப்படியாகக் குறுக்கி, அருகிலுள்ள மற்றொரு உறுப்புடன் இணைத்துவிட்டால், பாரம் ஓரிடத்தில் தேங்காமல் கடந்து செல்லும். வேலையின் தரத்தை அறிய விரும்புகிறவர் பளபளக்கும் வெல்டிங் தையலை நம்ப வேண்டியதில்லை. கூரையைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் உயர்த்திக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கட்டும். இடைவெளி மாறாமல் கதவு தன் இடத்தில் வந்து பொருந்துமானால், பட்டறைக்குக் கொடுத்த கூலி நியாயமானதே.