பெயர் சொல்லாத கோபம்

2003 மார்ச்சில் ஈராக் மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது, அமெரிக்கர்கள் அந்தப் போரை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். ராணுவம் செய்தியாளர்களையும் தன் வண்டிகளிலேயே ஏற்றிக்கொண்டு போயிருந்தது. டாங்கிக்குப் பக்கத்தில் நின்று நிருபர் பேசுவார். திரையின் அடியில் எழுத்துச் செய்தி ஓடும். நாளெல்லாம் போர், நடுநடுவே விளம்பரம். எதிர்த்து வாய் திறப்பவர்களுக்கு அது கெட்ட காலம். படையெடுப்புக்குச் சில நாள் முன்பு லண்டனில் பாடிக்கொண்டிருந்த டிக்ஸி சிக்ஸ் குழுவின் நட்டாலி மெயின்ஸ், அதிபர் புஷ் தங்கள் டெக்சாஸைச் சேர்ந்தவர் என்பதற்காக வெட்கப்படுவதாக மேடையில் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காக கன்ட்ரி இசை வானொலிகள் அவர்களுடைய பாட்டையே நிறுத்திவிட்டன. அவர்களுடைய சிடிக்களைத் தரையில் கொட்டி டிராக்டர் ஏற்றி நசுக்கிய ஊரும் உண்டு.

அந்த நேரத்தில் கிரீன் டே என்ற பங்க் குழுவிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. பாடகரும் கிட்டார் கலைஞருமான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் டிர்ன்ட், டிரம்ஸ் வாசிக்கும் ட்ரே கூல் ஆகிய மூவரும் முப்பதை எட்டியிருந்தார்கள். பங்க் உலகத்தில் அதுவே மூத்த வயது. 1994இல் வந்த ‘டூக்கி’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2000இல் வந்த ‘வார்னிங்’ அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 2002இல் ப்ளிங்க்-182 குழுவோடு சேர்ந்து சுற்றுப்பயணம் போனபோது, தங்கள் வழியைப் பார்த்து வளர்ந்த தம்பிகள் கடைசியில் மேடையேற, இவர்கள் முன்னதாகவே வாசித்துவிட்டு இறங்கினார்கள்.

சொந்த ஊரிலும் அவர்களுக்கு இடம் இல்லை. பெர்க்லியில் 924, கில்மன் தெரு என்ற முகவரியில் ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. எண்பதுகளின் பிற்பாதியில் தொண்டர்கள் நடத்தத் தொடங்கிய அந்த அரங்கில் மது கிடையாது; எந்த வயதினரும் வரலாம்; பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட குழுக்கள் மட்டும் மேடையேற முடியாது என்பது அன்றைய விதி. கிரீன் டே வளர்ந்தது அந்தத் தரையில்தான். வார்னரின் கிளையான ரிப்ரைஸ் நிறுவனத்தோடு கையெழுத்திட்டதும் விதிப்படி கதவு மூடிக்கொண்டது. காசுக்கு விலைபோனவர்கள் என்ற ஏச்சு, அவர்கள் கோடிகளில் விற்ற ஆண்டுகள் முழுக்கக் கூடவே வந்தது.

இந்த நிலையில்தான், 2003இல், கிட்டத்தட்ட முடித்து வைத்திருந்த ஒரு ஆல்பத்தின் பதிவு நாடாக்கள் ஓக்லாந்து ஸ்டூடியோவிலிருந்து காணாமல் போயின. அவற்றையே மறுபடி வாசித்துப் பதிவு செய்துவிடலாம் என்பது ஒரு வழி. போனது உங்களுடைய மிகச் சிறந்த வேலையா என்று தயாரிப்பாளர் ராப் கவால்லோ கேட்டார். ஆமாம் என்று மூவராலும் சொல்ல முடியவில்லை. முதலிலிருந்து தொடங்கினார்கள்.

தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருநாள் ஸ்டூடியோவில் தனியாக இருந்த டிர்ன்ட், முப்பது விநாடிக்கு ஒரு குட்டிப் பாட்டைப் பதிவு செய்து வைத்தார். அதைக் கேட்ட ஆம்ஸ்ட்ராங் தன் பங்குக்கு ஒரு முப்பது விநாடியை அதன் வாலில் ஒட்டினார். கூல் இன்னொன்றை ஒட்டினார். ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்த அந்த விளையாட்டு வளர்ந்து ‘ஹோம்கமிங்’ என்ற ஒன்பது நிமிடப் பாட்டாயிற்று. இரண்டு, மூன்று நிமிடத்தில் சொல்லி முடிப்பதே பங்கின் இலக்கணம் என்று பழகியவர்கள், ஒரு கதையையே ஆல்பமாகச் சொல்லலாம் என்று அங்கேதான் துணிந்தார்கள்.

2004 செப்டம்பரில் ‘அமெரிக்கன் இடியட்’ வெளிவந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைக் கை. அது பிடித்திருக்கும் சிவப்புக் கையெறி குண்டு இதய வடிவத்தில் இருக்கிறது. தலைப்புப் பாட்டு தொலைக்காட்சி ஊட்டும் பயத்தையும் வெறியையும் சாடுகிறது. ‘ஹாலிடே’ போரைச் சாடுகிறது. இந்த இரண்டை மட்டும் கேட்டவர்கள் இதைப் புஷ்ஷுக்கு எதிரான ஆல்பம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் புஷ்ஷின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை.

இருப்பது ஒரு பையன். இரண்டாவது பாட்டான ‘ஜீசஸ் ஆஃப் சபர்பியா’ அவனுடையது. ஒன்பது நிமிடம், ஐந்து பகுதிகள். உடைந்த வீடு, தொலைக்காட்சி, போதை, கடைவாசலில் கழியும் மாலைகள். முதல் பகுதியில் கிட்டார் பாய்கிறது. இரண்டாவதில் ஊரைச் சுற்றிக் காட்டுவதுபோல நிதானப்படுகிறது. மூன்றாவதில், எனக்கு எதிலும் அக்கறை இல்லை என்று கத்துகிறான். நான்காவதில் அதே பையன் குரலைத் தணித்துக்கொண்டு, எனக்கு ஏதாவது கோளாறா என்று கேட்பவனாகிவிடுகிறான். கத்தியவனும் கேட்டவனும் ஒருவனே என்று காட்டிவிட்டு, ஐந்தாவதில் ஊரை விட்டு ஓடுகிறது பாட்டு. அடுத்தடுத்த பாட்டுகளில் நகரத்துக்குப் போகிறான், செயின்ட் ஜிம்மி என்ற அழிவுக்காரனிடம் சிக்குகிறான், ஒருத்தியை நேசிக்கிறான், தோற்றுத் திரும்புகிறான். கடைசிப் பாட்டில் அவள் பெயரே அவனுக்கு நினைவில் இல்லை. போரைப் பற்றிய ஆல்பத்தில் இந்தப் பையனுக்கு என்ன வேலை என்று கேட்டால், அவனைப் போன்றவர்களைத்தான் அந்தப் போர் ஆள்சேர்ப்புக்குத் தேடியது என்பதுதான் பதில்.

ஆம்ஸ்ட்ராங் அவனை எங்கும் தேடிப் போகவில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் உள்ள ரோடியோ என்ற சிற்றூர்க்காரர் அவர். அம்மா உணவகத்தில் பரிமாறியவர். அப்பா லாரி ஓட்டுநர், ஜாஸ் இசையும் வாசிப்பார். 1982 செப்டம்பரில், மகனுக்குப் பத்து வயதிருக்கும்போது, அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். ‘வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்’ (செப்டம்பர் முடிந்ததும் என்னை எழுப்பு) அந்த மரணத்தைப் பாடுகிறது. 2005இல் சாமுவேல் பேயர் அதற்கு எடுத்த வீடியோ, காதலியை விட்டுவிட்டுப் படையில் சேரும் ஓர் இளைஞனின் கதை. அப்பாவை இழந்த மகனின் பாட்டு, ஈராக்கிலிருந்து திரும்பாத பிள்ளைகளின் பாட்டாயிற்று. அந்தப் போரில் இறந்த அமெரிக்கப் படையினர் 4,400 பேருக்கும் மேல், ஈராக்கியர் லட்சக்கணக்கில். இன்று செப்டம்பர் 30 வந்தால் போதும், பாடகரை எழுப்பிவிடுங்கள் என்று இணையம் முழுக்க நகைச்சுவைப் படங்கள் பறக்கின்றன. பகிர்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த அப்பாவைத் தெரியும்? இருபது ஆண்டுகளில் இந்த ஆல்பத்துக்கு நேர்ந்தவற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

வெளிவந்த வாரமே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆல்பம் முதலிடம் பிடித்தது. நவம்பரில் புஷ் மறுபடி வென்றார். தேர்தலைக் குறிவைத்த ஆல்பம் என்றால் அத்தோடு அடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அறுபது லட்சத்தைத் தாண்டும்வரை அது விற்றுக்கொண்டே போனது. கிராமி வந்தது. 2010இல் பிராட்வேயில் இசை நாடகமாகவும் ஓராண்டு ஓடியது. 2009இல் இவர்களுடைய அடுத்த ஆல்பத்தைக் கெட்ட வார்த்தைகள் நீக்கித் தந்தால்தான் விற்போம் என்றது வால்மார்ட். மாட்டோம் என்றது குழு. விலைபோனவர்கள் என்று ஏசப்பட்டவர்கள் அமெரிக்காவின் மிகப் பெரிய கடைச் சங்கிலியின் வாசலில் நின்று அப்படிச் சொன்னதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2015இல் கில்மன் தெரு அரங்கமும் அவர்களை மறுபடி உள்ளே அழைத்தது. தீ விபத்தில் நொடிந்த ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டும் கச்சேரி அது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2023 முடிந்து 2024 பிறந்த இரவில், ஏபிசி தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சியில் கிரீன் டே தலைப்புப் பாட்டைப் பாடியது. ஒரு வரியில் பழைய சொல்லை எடுத்துவிட்டு, டிரம்ப் ஆதரவாளர்களின் முழக்கமான ‘மாகா’வை வைத்து, அந்தக் கூட்டத்தில் நான் இல்லை என்று ஆம்ஸ்ட்ராங் பாடினார். மேடைகளில் அவர் முன்பே செய்துவந்ததுதான். ஆனால் நாடு முழுக்கப் பார்க்கும் நேரடி ஒளிபரப்பு என்பதால் இணையம் கொதித்தது. இசையில் அரசியலை ஏன் கலக்கிறீர்கள் என்று கேட்டவர்கள், இருபது ஆண்டுகளாக இதே பாட்டைத் தலையாட்டி ரசித்தவர்கள். சொற்கள் எதுவும் அவர்கள் காதில் விழுந்திருக்கவில்லை. அதிகார இயந்திரத்தோடு மோதிய குழு இப்போது அந்த இயந்திரத்துக்காகவே கத்துகிறது என்று எலான் மஸ்க் எழுதினார். ஏறக்குறைய ஓராண்டில், 2025 ஜனவரியில், அவரே டிரம்ப் அரசின் செலவுகளை வெட்டும் பொறுப்பில் போய் உட்கார்ந்தார். இயந்திரம் யார் பக்கம் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதிலைக் கிரீன் டேயால் சொல்லியிருக்க முடியாது.

ஆனாலும் அன்றைக்கு இருந்த ஆபத்து இன்றைக்கு இல்லை. 2003இல் போரை எதிர்த்துப் பேசினால் பிழைப்பே போகும். 2024இல் மூன்று நாள் வசவோடு முடிந்தது. மூன்று வாரத்தில் புது ஆல்பமான ‘சேவியர்ஸ்’ வெளிவந்து, அந்தக் கோடையில் அவர்கள் ஸ்டேடியங்களில் வாசித்தார்கள். ‘டூக்கி’க்கு முப்பது, ‘அமெரிக்கன் இடியட்’டுக்கு இருபது என்று இரண்டையும் முழுசாக வாசித்தார்கள். கில்மன் காலத்துத் தோழர்களான ரான்சிட் குழுவும், லாஸ் ஏஞ்சல்ஸின் இளம் பெண்களான தி லிண்டா லிண்டாஸ் குழுவும் கூடவே மேடையேறின. அந்தப் பயணத்தில் லாஸ் வேகஸ் வானொலிகள் சில அவர்களுடைய பாட்டைத் தடை செய்ததும் உண்மை. காரணம் போர் அல்ல. ஓக்லாந்தின் பேஸ்பால் அணி வேகஸுக்கு இடம் மாறுவதைக் கண்டித்து, ஆம்ஸ்ட்ராங் அந்த ஊரைத் திட்டிவிட்டார்.

மாகா என்று பெயர் சொல்லிப் பாடியது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சொன்னது தவறென்று நான் நினைக்கவில்லை. நாட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பதைவிட அது மேல். ஆனால் பெயர் சொல்லாததால்தான் அந்தப் பாட்டு புஷ்ஷோடு முடியாமல், 2018இல் டிரம்ப் லண்டன் போனபோது எதிர்ப்பாளர்கள் வாங்கி வாங்கி பிரிட்டன் பட்டியலில் மறுபடி ஏற்றுகிற அளவுக்கு உயிரோடு இருந்தது. பெயரைச் சேர்த்ததும் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பையன் காணாமல் போகிறான். ‘சேவியர்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு வீடற்றவர்களையும் வேலையற்றவர்களையும் சதிக்கதை நம்பித் திரிகிறவர்களையும் பற்றியது. அதில் பழைய கண் திரும்ப வந்திருக்கிறது. ஆல்பம் முழுக்க அது நீடிக்கவில்லை என்பது என் குறை.

2025 ஏப்ரலில் கோச்செல்லா விழாவின் பெரிய மேடையில் ஆம்ஸ்ட்ராங் இன்னொரு வரியை மாற்றினார். இந்த முறை மாறியது தலைப்புப் பாட்டு அல்ல, ‘ஜீசஸ் ஆஃப் சபர்பியா’. வேதனையிலிருந்து ஓடும் அந்தப் பையனைப் பாலஸ்தீனக் குழந்தைகளோடு சேர்த்துப் பாடினார். காசாவைப் பற்றிப் பேசினால் வாய்ப்புகள் போகும் என்று அமெரிக்கக் கலைஞர்கள் பலர் தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மாகா வரிக்கு இல்லாத ஆபத்து இதற்கு இருந்தது. யார் அதிபர், எந்தக் கட்சி என்று கேட்காமல், ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை யார் என்று மட்டும் கேட்டுத்தான் அன்று அந்தப் பாட்டு எழுதப்பட்டது. இந்தக் குழந்தைகளுக்கு அதில் அப்போதே இடம் இருந்திருக்கிறது.